ஓரத்தில் ஒரு புண்ணியவான்

நூலகப் பேருந்தின் கடைசி இருக்கையில் உட்கார்ந்து, சட்டப் புத்தகத்தின் ஓரங்களில் இருந்த பென்சில் எழுத்தை ரப்பரால் அழித்துக்கொண்டிருந்தாள் நொலிதா.

“எல்லாரும் கிறுக்கிட்டுத் தர்றாங்க. நீ ஒருத்திதாம்மா அழிச்சுத் தர்றே,” என்று உருகினார் நூலகர் சிந்திலே.

“நம்ம பொருள் மாதிரி பார்த்துக்க வேண்டாமா அண்ணே?” என்றாள். அவள் வயிற்றெரிச்சல் அவருக்கு எங்கே தெரியப்போகிறது!

எல்லாம் அந்த லுபபாலோவுக்காக. நகராட்சி அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரன். தொலைநிலைக் கல்வியில் இருவருமே சட்டம் படிக்கிறார்கள். யார் முதலில் முடிக்கிறாரோ அவருக்குத்தான் தலைமை எழுத்தர் பதவி. போன வருஷம் பேருந்தில் இருந்த ஒரே புத்தகத்தைப் பரீட்சை முடியும்வரை பதுக்கிவைத்து, அவளை ரெண்டே மார்க்கில் கவிழ்த்தான் பாவி. அப்புறம் பல்லை இளித்துக்கொண்டு ஆறுதல் வேறு சொன்னான்.

இது கடைசிப் பாடம். இதற்கும் ஒரே புத்தகம். என்ன ஞானோதயமோ, இந்தத் தடவை ஒழுங்காகத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மறுபடி வேண்டுமென்று பெயரும் பதிந்துவைத்திருந்தான். இரண்டு வாரம் அது நொலிதாவிடம் இருந்தது.

உள்ளே ஓரங்களில் எந்த வருஷத்து மாணவரோ, புண்ணியவான், அச்சடித்த மாதிரி எழுத்தில் பென்சிலால் குறித்துவைத்திருந்தார். ஏழு அத்தியாயங்களுக்கு ‘கட்டாயம் வரும்’, ஐந்துக்கு ‘தொடவே வேண்டாம்’. நொலிதா ஏழையும் கரைத்துக் குடித்தாள். மற்ற ஐந்தைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை.

சிந்திலே அந்தப் பக்கம் திரும்பியதும், அழித்த இடத்தில் அதே மாதிரி எழுத்தில் எல்லாவற்றையும் தலைகீழாக மாற்றி எழுதினாள். வரும் என்றதற்கு வேண்டாம், வேண்டாம் என்றதற்கு வரும். படிடா மகனே, நல்லாப் படி!

லுபபாலோ எண்ணெயில் பொரித்த அமக்வின்யா மாவுருண்டையைக் கடித்துக்கொண்டே ஏறினான். “என்னக்கா, முடிச்சாச்சா?”

“முடிச்சாச்சு தம்பி. இந்தா.” குரலில் தேன் வழிந்தது.

சிந்திலே அவன் பெயரைப் பதிந்தார். “பத்திரம். இனி பரீட்சை முடிஞ்சப்புறம்தான் வண்டி வரும்.”

இருவரும் இறங்கினார்கள். பேருந்து உம்தாத்தா சாலையில் திரும்பி மறைந்தது. நொலிதாவுக்கு ஒரு வருஷத்து எரிச்சல் அப்போதுதான் அடங்கியது.

லுபபாலோ சட்டைப்பையிலிருந்து ஒரு ரப்பரை எடுத்தான். பக்கங்களைப் புரட்டினான். திகைத்தான். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

“ரப்பர் எதுக்குடா உனக்கு?”

“நான் எழுதிவச்ச பொய்யை அழிக்கலாம்னு கொண்டுவந்தேன். நீங்களே எல்லாத்தையும் திருத்திக் குடுத்துட்டீங்களே, அக்கா!”