வளர்த்தாள் என்பதற்கு ஆங்கிலத்தில்

ஆர்லின் பதிலைச் சொல்லி முடித்துவிட்டு மைக்கை என்னிடம் நீட்டினாள்.

இனி அதை நான் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். நடுவர் மேசையில் நார்வேக்காரர் பேனாவோடு காத்திருந்தார். எங்கள் ஊர்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டு இந்தக் கார்கார் ஊரிலேயே தங்கிவிட்டவர். எங்கள் மொழி மட்டும் அவருக்கு இன்னும் ஏறவில்லை.

திருவிழா அழகிப் போட்டியின் கடைசிச் சுற்று. கூடைப்பந்து மைதானத்தின் தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது.

அவர் கேட்ட கேள்வி எளியதுதான். இன்று நீ இந்த மேடையில் நிற்க யார் காரணம்?

ஆர்லின் யோசிக்கவே இல்லை. "என் நானாய் நெனிங்தான். மம்மி ஹாங்காங் போறப்ப எனக்குப் பல்லுகூட மொளைக்கல. என்னை வளத்தது அவங்கதான்."

கூட்டம் கைதட்டியது. முன் வரிசை பிளாஸ்டிக் நாற்காலியில் என் அக்கா நெனிங் புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். அவள் மடியில் ஆர்லினின் பழைய ரப்பர் செருப்பு.

ஆர்லின் காலில் மின்னும் குதியுயர்ந்த வெள்ளிச் செருப்பு நான் வாங்கியது. ஹாங்காங்கில் கடை கடையாக ஏறி இறங்கி வாங்கினேன். அது கடிக்கும், மேடையை விட்டு இறங்கியதும் கால் ரப்பர் செருப்பைத் தேடும் என்று எனக்குத் தோன்றவில்லை. அக்காவுக்குத் தோன்றியிருக்கிறது.

பெற்றவள் நான். என்னை மம்மி என்பாள். அக்காவை நானாய் என்பாள். இரண்டுக்கும் எங்கள் ஊரில் அம்மா என்றுதான் பொருள். ஆனால் காய்ச்சலில் பிதற்றும்போது வாயில் வருவது நானாய். அதை நான் கைபேசித் திரையில் பார்த்துக்கொண்டே கேட்டிருக்கிறேன்.

"மேடைல எம்பக்கத்துல நீதான் நிக்கணும் மம்மி. இங்கிலீஷ்னாலே எனக்கு மூக்குல ரத்தம் வந்துரும்" என்று, ஆங்கிலம் வராதவர்கள் எங்கள் ஊரில் அடிக்கும் கேலியை அவள் சொன்னபோது சிரித்தேன். உள்ளுக்குள் துள்ளினேன். பள்ளியில் அவள் ஆங்கிலம் எப்படி என்று நான் கேட்டதே இல்லை. மேடையில் நான், கீழே அக்கா. அது போதும் என்று இருந்தது. புது கவுன்கூடத் தைத்துக்கொண்டேன்.

வளர்த்தாள்.

அதற்கு ஆங்கிலத்தில் 'ரெய்ஸ்டு' என்று ஒரு சொல் இருக்கிறது. அதைச் சொல்லிவிட்டால் எனக்கென்று மிச்சம் எதுவும் இருக்காது.

'லுக்டு ஆஃப்டர்' என்றும் சொல்லலாம். பார்த்துக்கொண்டாள். யாரும் தப்பு சொல்ல முடியாது. பார்த்துக்கொள்கிறவர்கள் ஒருநாள் பிள்ளையை உரியவளிடம் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

அந்தச் சொல் எனக்குப் புதிதல்ல. ஹாங்காங்கில் வேலை பார்த்த வீட்டில் நான் தூக்கித் திரிந்த பையன் என் தோளில் சாய்ந்தால்தான் தூங்குவான். பெற்றவள் கை நீட்டினால் என் கழுத்தை இறுகக் கட்டிக்கொள்வான். வீட்டுக்கு வந்த தோழிகளிடம் அவன் அம்மா திருமதி லாம் என்னைக் காட்டி, "டெலியா இவனைப் பாத்துக்கிறா" என்பாள். ஆங்கிலத்தில், இதே சொல்லால். பையன் என் இடுப்பில் இருக்கும்போதுதான் சொல்வாள். ஏன் என்று அப்போது எனக்குப் புரிந்ததில்லை.

"என்ன மம்மி, சிக்னல் போயிருச்சா?" என்றான் தொகுப்பாளன்.

மைதானமே சிரித்தது. ஹாங்காங்கிலிருந்து ஆர்லினோடு கைபேசியில் பேசும்போது பேச்சு வற்றிப்போனால் நான் சொல்லும் சாக்கு அது. ஊருக்கே தெரிந்திருக்கிறது.

அக்கா சிரிக்கவில்லை. சொல்லு, பரவாயில்லை என்பதுபோல் என்னைப் பார்த்து மெல்லத் தலையசைத்தாள்.

அந்தத் தலையசைப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. என் மகளைப் பற்றிப் பேச எனக்கே அனுமதி கொடுக்கிறாள்.

'லுக்டு ஆஃப்டர்' என்றேன். நானாயை ஆன்ட்டி ஆக்கினேன். அகராதியில் பார்த்தால் பெரியம்மாவுக்கு அதுதானே.

நார்வேக்காரர் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு ஏதோ குறித்துக்கொண்டார். அவ்வளவுதான்.

ஆர்லின் என் கையிலிருந்து மைக்கை வாங்கினாள்.

"ரெய்ஸ்டு, சார்" என்றாள்.

பிறகு தன் பதில் முழுவதையும் முதலிலிருந்து தானே ஆங்கிலத்தில் சொன்னாள். எங்கும் தடுக்கவில்லை. என்னுடையதைவிட நல்ல ஆங்கிலம். நானாயை நானாய் என்றே சொன்னாள். நார்வேக்காரர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

மைதானம் மழைச் சத்தத்தையும் மீறிக் கத்தியது. தொகுப்பாளன் மூக்கைப் பொத்திக்கொண்டு ரத்தம் கொட்டுவதுபோல் தள்ளாடினான்.

அந்த இரைச்சலுக்குள் ஆர்லின் மைக்கைக் கையால் மூடிக்கொண்டு என் காதருகே குனிந்தாள்.

"பரவால்ல மம்மி. நீயே அந்த வார்த்தையச் சொல்லுவேன்னு நெனச்சேன்."

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை.

நான் கீழே பார்த்தேன். அக்காவைச் சுற்றியிருந்தவர்கள் வாய் பிளந்து ஆர்லினையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் ஆங்கிலம் பேசுவாள் என்பது அங்கே ஒருத்திக்கு மட்டும் புதிய செய்தி அல்ல.

அக்கா மேடையைப் பார்க்கக்கூட இல்லை. எழுந்து வந்து படியடியில் குனிந்து, ரப்பர் செருப்பு இரண்டையும் மழை ஈரம் படாத இடமாகப் பார்த்து ஜோடி சேர்த்து வைத்துக்கொண்டிருந்தாள்.