பிளக்கைப் பிடித்தவள்

பெடலிலிருந்து காலை எடுத்தால் பியானோவின் சத்தம் நீள்கிறது. மிதித்தால் அறுந்துபோகிறது.

தலைகீழ்.

மகள் பெடல் வயரைப் பிடுங்கி மறுபடி செருகினாள். கம்ப்யூட்டருக்குப் போகிற வயரையும்.

அப்படியேதான் இருந்தது.

"எல்லாம் இந்தக் கம்ப்யூட்டர் வேலைதான். கோயில்ல நேத்து ஒழுங்காத்தான வாசிச்சேன்?"

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காங்கிரீட் சட்டி சுமந்துவிட்டு வந்த உடம்பு. நிற்பதே பெரிய காரியம்.

கரண்டில் ஓடும் அந்தப் பியானோ கோயிலுடையது. சாயங்கால ஆராதனைக்கு அது சர்ச்சுக்குத் திரும்பிப் போய்விட வேண்டும். அதற்குள் ஒரு பாட்டைப் பதிவு செய்து அனுப்பினால்தான் மகளை இசைக் கல்லூரியில் தேர்வுக்கு நேரில் கூப்பிடுவார்கள். இன்றைக்குத்தான் கடைசி நாள்.

"எம்மா, இன்னொரு வாட்டி பிடி."

வாடகை வீட்டில் ஒரே பிளக் பாயிண்ட். அதுவும் லொடலொடவென்று ஆடும். பியானோவில் விளக்கு எரிகிறவரை யாராவது பிளக்கை அழுத்திப் பிடிக்க வேண்டும். எரிந்த பிறகு கையை எடுத்துவிடலாம்.

அவள் பியானோ வைத்த மேசைக்கடியில் குனிந்து, ஒரு காலை முன்னே வைத்து, பிளக்கைப் பிடித்தாள். மகள் கம்ப்யூட்டரையே பார்த்தபடி சுவிட்சைப் போட்டாள்.

விளக்கு எரிந்தது. அவள் வெளியே வந்தாள். மகள் உட்கார்ந்து வாசித்தாள்.

தலைகீழ்.

மகள் மறுபடி சுவிட்சை அணைத்தாள். அம்மா மறுபடி மேசைக்கடியில் போய்ப் பிடித்தாள். மகள் கோயிலில் வாசிக்கிற தனராஜ் அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"ஆன் பண்ணும்போது பெடலை மிதிச்சிருந்தா அப்படித்தான் தலைகீழா ஆகும். யாரும் மிதிச்சியளா?"

"யாரு மிதிக்கா? இங்க நானும் அம்மையும்தான்."

மகள் குனிந்து பார்த்தாள்.

பெடல் அம்மாவின் பாதத்துக்கு அடியில் முழுசாக அமுங்கிக் கிடந்தது.

"எம்மா! நீதான் பெடலை மிதிச்ச பேயா?"

மகள் சிரித்துவிட்டாள். போனில் அண்ணனும் சிரித்தார். அவளும் சிரித்தபடி காலை எடுத்தாள்.

சுவிட்ச். விளக்கு.

மகள் ஒரு கட்டையை அழுத்தி, பெடலை மிதித்தாள். சத்தம் நீண்டது. காலை எடுத்ததும் நின்றது.

"வாசிட்டி. பியானோவைத் தூக்க ஆட்டோ வந்துரும்."

மகள் வாசிக்கவில்லை. பெடலைப் பார்த்தாள். அரைச் செங்கல் உயரம். இரும்பு.

"இத்தனை வாட்டி ஏறி மிதிச்சிருக்க. ஒருக்காக் கூடவா தெரியல?"

"அசதிட்டி."

"கண்ணை மூடு. உன் காலைத் தொடுதேன். தொட்டதும் சொல்லு."

"இப்போ இதுதான் முக்கியமா?"

"மூடும்மா."

அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். சிமெண்ட் படிந்து வெளுத்த கால்களை நீட்டினாள். கண்ணை மூடினாள்.

தெருவில் ஆட்டோ ஒன்று வந்து நின்று ஹாரன் அடித்தது.

"ஆங், தொட்டுட்ட. தெரியுது. நீ வாசி."

மகளின் இரண்டு கைகளும் இன்னும் பியானோக் கட்டைகளின் மேல்தான் இருந்தன.