மூன்று 'ஆம்'

மதினி அனுப்பிய குரல் செய்தியை அவள் மூன்றாவது முறை கேட்டாள்.

"தாயி, பிள்ளைக்கு முன்பல்லு விழுந்துருச்சுன்னியே. ஒரு போட்டா அனுப்பு. சும்மா அனுப்பக் கூடாதாம். டாக்குமெண்ட்டா அனுப்பணுமாம். அப்பத்தான் தெளிவா இருக்குமாம்."

மதினி, கணவனின் அக்கா. அவள் வாயில் டாக்குமெண்ட் என்றால் வீட்டுப் பத்திரம். போனில் அப்படி ஒரு வழி இருப்பதே அவளுக்குத் தெரியாது.

கூடாதாம். அனுப்பணுமாம். இருக்குமாம்.

மூன்று 'ஆம்'.

மதினி தன் பேச்சைப் பேசும்போது 'ஆம்' போடுகிறவள் இல்லை. பக்கத்தில் நின்று யாரோ சொல்லச் சொல்லச் சொல்லியிருக்கிறாள். யார் என்று கேட்க வேண்டியதில்லை. அந்த வீட்டில் இன்னொரு ஆள் அவள் தம்பி மட்டும்தான்.

போன வருஷம் பிள்ளையின் பிறந்தநாள் படத்தை இவள் அப்படித்தான் அனுப்பினாள். டாக்குமெண்ட்டாக.

சும்மா அனுப்பியிருந்தால் படம் மட்டும் போயிருக்கும். இப்படி அனுப்பியதில், படத்துக்குள் போன் தானாகவே எழுதி வைத்திருந்த இடமும் சேர்ந்து போனது. தெரு வரைக்கும்.

நாலாம் நாள் காலை அவன் வாசலில் நின்றான். கையில் பிள்ளைக்குக் கிரீம் பிஸ்கட்.

அன்று முறிந்த அவளுடைய இடது மணிக்கட்டு மழைக்கு இன்னும் வலிக்கிறது.

அந்த ஊர் மகளிர் காவல் நிலையத்தில் அவன் எழுதிக் கொடுத்தான். இனி இவர்கள் இருக்கும் பக்கம் வர மாட்டேன். கீழே கையெழுத்து.

அவள் ஊரை மாற்றினாள். மதினியை மட்டும் விடவில்லை. முதன்முதலில் பிள்ளையோடு வெளியேறியபோது பின்வாசல் தாழ்ப்பாளைத் திறந்துவிட்டவள் மதினி.

"அமுதினி, இங்க வா. அத்தைக்குப் போட்டோ."

பிள்ளை பள்ளிச் சீருடையிலேயே ஓடி வந்தாள்.

அவள் முதலில் பிள்ளையின் பள்ளி பேட்ஜைக் கழற்றினாள். பிறகு ஜன்னல். வெளியே எதிர்க்கடைப் பலகை, அதில் ஊர்ப் பெயர். பிள்ளையை வெறும் சுவர்ப் பக்கம் நகர்த்தி நிறுத்தினாள்.

"அம்மா, பல்லு தெரியுதா?"

"பல்லு இல்லாதது தெரியுது. சிரி."

எடுத்தாள்.

ஒன்பதாம் வகுப்பில், கடிதத்தில் இடமும் நாளும் விட்டுப்போனால் ஒரு மதிப்பெண் போய்விடும். அவளுக்கு ஒருமுறைகூடப் போனதில்லை. தாளின் இடப்பக்கம், கீழே, ஒன்றன்கீழ் ஒன்று.

இடம்:

நாள்:

இந்த ஒரு வருஷமாக ஒவ்வொரு படத்திலும் அந்த இரண்டையும் தேடிப் பிடித்து அழிக்கிறாள். அதே ஒழுங்கோடு.

இந்தப் படத்திலும் அழித்தாள். படத்தின் விவரப் பக்கத்தில் இரண்டு கட்டமும் காலியாகின.

அனுப்பப் போன விரல் நின்றது.

காலியாக அனுப்பினால் அவன் வேறு வழி பார்ப்பான். அடுத்த வாரம் பள்ளியின் பெயர் என்னவாம் என்று மதினி கேட்பாள். அதற்கடுத்த வாரம் வீடியோவில் வரணுமாம். ஒவ்வொரு 'ஆம்' வாங்கவும் அவன் மதினியை என்ன பாடு படுத்துவானோ.

காலிக் கட்டத்துக்குக் கீழே எழுதியிருந்தது: இடம் சேர்க்க.

இத்தனை நாள் அதைத் தொட்டதில்லை.

தொட்டாள். வரைபடம் விரிந்தது. பழைய ஊரைத் தேடி, பஸ் ஸ்டாண்டைத் தாண்டி, நீதிமன்றச் சாலையில் திரும்பினாள். மகளிர் காவல் நிலையம். சிவப்புக் குறி அதன் மேல் போய் உட்கார்ந்தது.

நாள் கட்டத்தில், அவன் எழுதிக் கொடுத்த தேதி. மார்ச் பதினொன்று.

இரண்டையும் ஒருமுறை சரிபார்த்தாள்.

'இப்படிக்கு' தேவையில்லை. கையெழுத்து ஏற்கெனவே அவன் போட்டதுதான்.

அனுப்பினாள். கேட்டபடியே, டாக்குமெண்ட்டாக.

டிக் இரண்டானது. நீலமானது.

அவள் எழுந்துபோய் அரிசி களைந்தாள். இரண்டு முறை தண்ணீர் மாற்றினாள்.

உலை கொதிக்கும்போது போன் அதிர்ந்தது. மதினிதான்.

"தாயி, போட்டா வந்துச்சு. இனிமே எதுவும் அனுப்ப வேண்டாமாம்."

அவ்வளவுதான்.

சோறு வடித்து முடிக்கும்போது இன்னொன்று வந்தது. இதில் குரல் தாழ்ந்திருந்தது. எங்கோ தண்ணீர்க் குழாய் ஓடிக்கொண்டிருந்தது.

"அவன் மூஞ்சி செத்துப்போச்சு புள்ள. சட்டைய மாட்டிக்கிட்டு வெளிய போயிட்டான். எனக்கு நீ சும்மாவே அனுப்பு. மங்கலா இருந்தா என்ன? எம் மருமகளை எனக்குத் தெரியாதா?"

அதையும் மூன்று முறை கேட்டாள்.

ஒரு 'ஆம்' கூட இல்லை.

ஈரக் கையை முந்தானையில் துடைத்தாள். போய் ஜன்னலைச் சாத்தினாள்.

"அமுதினி, இன்னொருக்கா சிரி."