வெங்காயக் காட்டுக்கு வந்த வேன்

வேன் காட்டோரம் வந்து நின்றதும் மாரப்பனுக்கு வாயெல்லாம் பல்.

பின்னே? சின்ன வெங்காயம் பறிக்கிற பதத்தில் நிற்கிறது. மேற்கே மேகம் திரண்டுவிட்டது. இன்றைக்குள் பறிக்காமல் நனைந்தால் அத்தனையும் அழுகிப்போகும்.

ஆனால் பறிக்க ஆள் வேண்டுமே. குண்டடத்தைச் சுற்றியுள்ள பெண்கள் எல்லோரும் விடிந்ததும் வேன் ஏறி அருள்புரம் பனியன் கம்பெனிக்குப் போய்விடுகிறார்கள். வீடு வீடாக நடந்து கெஞ்சிப் பார்த்தார். ஒருத்தியும் மசியவில்லை.

அதனால்தான் இந்தத் தில்லாலங்கடி.

கம்பெனிக்குப் போகிறவர்கள் வண்டியைப் பார்ப்பதே இல்லை. பாட்டுச் சத்தம் கேட்டால் ஏறுவார்கள், முந்தானையை முகத்தில் இழுத்துவிட்டுத் தூங்கிவிடுவார்கள். மாரப்பன் இதை நோட்டம் விட்டிருந்தார். சிநேகிதர் வேலுமணியின் வெள்ளை வேனில் பாட்டை அலறவிட்டு, கம்பெனி வேனுக்குச் சற்று முன்னால் ஊர் ஊராக அவரையே ஓட்டிவர அனுப்பிவிட்டார்.

முதலில் இறங்கிய சித்ரகலா கண்ணைக் கசக்கினாள். எதிரே கம்பெனியைக் காணோம், வெங்காயக் காடுதான் இருந்தது.

“ஏனுங்கண்ணா, ஆள் கெடைக்கலீன்னா இப்படித்தான் அள்ளிட்டு வருவீங்களா?”

மாரப்பன் கூச்சமே இல்லாமல் கும்பிட்டார். கம்பெனிச் சம்பளத்தைவிடக் கூடவே தருவதாகச் சொன்னார். டீயும் போண்டாவும் உண்டு என்றார். பெண்கள் திட்டிக்கொண்டே சிரித்தார்கள். ஒருநாள் லீவு போட்டால்தான் என்ன என்று சேலையை இழுத்துச் செருகினார்கள்.

தன் மூளையை நினைத்து அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

கடைசியாக ஒருத்தி இறங்கி, முகத்துத் துணியை விலக்கினாள்.

வள்ளியாத்தாள். அவருடைய சொந்தப் பெண்டாட்டி.

வேலுமணி அவசரமாக டயரைப் பார்க்கக் குனிந்தார்.

பல்லடத்தில் அக்காளுக்குக் கால் முறிந்துவிட்டது, சமைத்துப்போட்டு வருகிறேன் என்று தினமும் கிளம்புகிறவள். மாதக்கணக்காகியும் அந்தக் கால் ஏன் கூடவில்லை என்று மாரப்பன் ஒருநாளும் யோசித்ததில்லை. இப்போது அவள் கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை தொங்கியது. போட்டோவில் நன்றாகச் சிரித்திருந்தாள்.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இதே காட்டில் அவள் பறிக்காத வெங்காயம் இல்லை. கூலி என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை.

மாரப்பன் கோபமாக வாயைத் திறந்தார். அவள் முந்திக்கொண்டாள்.

“ஏனுங்க, எனக்கும் அதே கூலிதானுங்களே?”

மேற்கே இடி இடித்தது. அவர் பதில் சொல்லட்டும் என்று பெண்கள் எல்லோரும் வரப்பிலேயே நின்றுகொண்டார்கள்.