ஒரே மிதி

“மறுபடியும் பிரேக் புராணமா?”

அழகப்பன் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டில் செங்கல், மணல் வியாபாரம் அவருக்கு. இருப்பது ஒரே லாரி. ஜப்பான்காரன் போனபிறகு பட்டாளம் ஏலம் விட்ட வண்டி. பதினைந்து வருஷமாக ஓடுகிறது. ஓடுவதில் அதற்கு ஒரு குறையும் இல்லை. நிற்பதில்தான்.

“மூணு மிதி மிதிச்சாத்தான் பிடிக்குது முதலாளி. லோடு ஏத்திட்டா அதுவும் இல்ல. புக்கிட் மேரா இறக்கத்துல உசிரைக் கையில பிடிச்சுக்கிட்டு வரேன்” என்றார் டிரைவர் சுந்தரம்.

“மெதுவா ஓட்டு.”

“ஜாலான் புசார்ல முகைதீன் பட்டறையில கேட்டேன். புதுசே வேணாமாம். சுங்கை ரோட்டுல உடைச்ச பஸ்ஸோட பூஸ்டர் கிடைக்குதாம். அதை மாட்டினா லேசா மிதிச்சாலே வண்டி நிக்குமாம். நாலு சக்கரத்துக்கும் லைனிங் மாத்தி, எல்லாம் சேர்த்து இருநூறு வெள்ளிக்குள்ள முடிச்சுத் தரேங்கிறாரு.”

“இருநூறா! தீபாவளி போகட்டும், பாக்கலாம்.”

தீபாவளி போயிற்று. பொங்கலும் போயிற்று. பிரேக்குக்காக முதலாளி செய்த ஒரே செலவு, ஒரு மரக்கட்டை. மேட்டில் வண்டி பின்னால் நழுவினால், கூட வரும் கூலியாள் குதித்து அதைச் சக்கரத்துக்கு அடியில் போட வேண்டும்.

அவரைக் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. கோயில் திருப்பணிக்கு மூன்று லோடு மணல் சும்மா கொடுத்தவர்தான். பழைய லாரிக்குக் காசு போடத்தான் மனசு வராது.

மாசி மாதம் ஒரு மத்தியானம், சுந்தரம் நடந்தே கடைக்கு வந்தார். சட்டையெல்லாம் வியர்வை.

“லாரி எங்க?”

“பஃபலோ ரோட்டு முனையில, வீடு கட்டக் கொட்டியிருந்த மணல்ல ஏறி நிக்குது. ஒரு பொண்ணு குறுக்க வந்துருச்சு முதலாளி. மிதிக்கிறேன், மிதிக்கிறேன், நிக்கல. ஒடிச்சு மணல் மேல ஏத்திட்டேன். ஒரு சாண்தான் இடைவெளி.”

“ரோட்டைப் பாத்து நடக்கத் தெரியாதா அதுகளுக்கு? வண்டிக்கு ஏதும் அடியா?”

சுந்தரம் முதலாளியை நிமிர்ந்து பார்த்தார். பிறகு மெல்லச் சொன்னார்:

“நம்ம சந்திரமதி முதலாளி.”

அழகப்பன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

“என் பொண்ணா? ஐயோ! எங்க அவ?”

“ஒண்ணும் ஆகல. பள்ளிக்கூடத்துக்குப் போயிருச்சு.”

அடுத்த ஒரு மணி நேரத்தில் லாரியை முகைதீனின் பட்டறைக்கு இழுத்துக்கொண்டு போயாயிற்று.

“இருநூறோ முந்நூறோ, நாளைக்குள்ள முடிச்சிடுங்க பாய். ஒரு சக்கரம் விடக்கூடாது” என்றார் அழகப்பன்.

அன்று சீக்கிரமே கடையை மூடிவிட்டு வீட்டுக்கு ஓடினார். சந்திரமதி போர்த்திக்கொண்டு படுத்திருந்தாள்.

“கண்ணு, ரொம்பப் பயந்துட்டியா?”

“எதுக்குப்பா?”

மனைவி சிவகாமசுந்தரி கஞ்சியோடு வந்தாள். “காலையிலேருந்து அவளுக்குக் காய்ச்சல். வாசப்படி தாண்டல. விடியறதுக்குள்ள நீங்க கடைக்குப் போயிடறீங்க, உங்களுக்கு எங்க தெரியப்போகுது?”

அழகப்பன் மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். சூடுதான். ஆனால் அந்தச் சூடு அவருக்கு அப்படி ஒரு நிம்மதியாக இருந்தது. லாரிக்கு முன்னால் இவள் நிற்கவே இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

காப்பி குடித்து முடிக்கிற வரைக்கும்தான் அந்த நிம்மதி. அப்புறம் கோபம் வந்தது.

‘பிரேக் மாத்தறதுக்காக என் பொண்ணு பேரைச் சொல்லிப் பயங்காட்டியிருக்கானே! நாளைக்கு அவனுக்கு இருக்கு.’

மறுநாள் சாயங்காலம் அவர் பட்டறைச் சந்துக்குள் நுழைந்தபோது லாரி எதிரே வந்துகொண்டிருந்தது. பின்னால் லோடு ஏற்றி வெள்ளோட்டம். சுந்தரம் ஓட்ட, பக்கத்தில் முகைதீன். அழகப்பனுக்கு இருந்த ஆத்திரத்தில், கையை விரித்துக்கொண்டு நடுச் சந்தில் போய் நின்றுவிட்டார்.

“நிறுத்துய்யா!”

சுந்தரம் மிதித்தார். ஒரே மிதி. லாரி முதலாளியின் வேட்டிக்கு ஒரு முழம் தள்ளி நின்றது.

முகைதீன் சிரித்துக்கொண்டே குதித்தார். “அண்ணே, என்ன வேலை இது? பழைய பிரேக்கா இருந்தா இந்நேரம் உங்களைப் பொறுக்கித்தான் எடுத்திருக்கணும் லா!”

அழகப்பன் லாரியின் மூக்கைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். கை, கால், தலை எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. கோபத்தைத் தேடிப் பார்த்தார். பாதிகூட மிச்சம் இல்லை.

“சுந்தரம், என் பொண்ணு நேத்து வெளியவே வரலையாமே?”

சுந்தரம் இறங்கித் தலை குனிந்து நின்றார். “பொய்தான் சொன்னேன் முதலாளி. வேலையை விட்டுப் போகச் சொன்னாலும் போறேன்.”

“உன்னை நிறுத்தத்தான் வந்தேன்.” அழகப்பன் துண்டால் முகத்தைத் துடைத்தார். தன்னைவிடப் பெருந்தன்மையானவன் இந்தச் சிங்கப்பூரிலேயே இல்லை என்கிற மாதிரி சுந்தரத்தின் தோளில் தட்டினார். “போகட்டும், மன்னிச்சிட்டேன். நல்ல வேளை, எந்தப் பொண்ணும் குறுக்க வரல.”

“வந்துச்சு முதலாளி” என்றார் சுந்தரம். “எனக்குச் சோறு கொண்டுவந்த என் மக.”