பந்தயக் காருக்கு வைத்த பேர்

"பாப்பா, உன் பேரு என்ன?"

ஒர்க்‌ஷாப் வாசலில் சுந்தர்ராமன் சார் குனிந்து கேட்டார்.

"நித்யா" என்றது பிள்ளை, அம்மா சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு.

கலைச்செல்விக்குச் சுருக்கென்றது. பெரியவங்ககிட்ட பொய் சொல்லலாமா?

"இல்ல சார், சுடலைவடிவு. மூணாங்கிளாஸ் படிக்கா. பேரச் சொல்ல வெக்கப்படுதா" என்றாள் மெதுவாக.

சாருடன் வந்திருந்த அவர் மனைவி ப்ரீத்தி சட்டென்று திரும்பினார்.

"சுடலைவடிவா? இந்தக் காலத்துலயா?"

"எங்க மாமியா பேரும்மா. மூத்த பொம்பளப் பிள்ளைக்கு அப்பாவப் பெத்தவுக பேரத்தான் வைக்கணும்."

ப்ரீத்தி பிள்ளையை ஒரு மாதிரி பார்த்தார். விறுவிறுவென்று ஒர்க்‌ஷாப்புக்குள் போய்விட்டார்.

கலைச்செல்விக்கு முகம் சுண்டிப்போனது. கணவன் மாரிராஜிடம் சாப்பாட்டுத் தூக்கைக் கொடுத்துவிட்டு, பிள்ளையோடு கிளம்பிவிட்டாள்.

வண்ணார்பேட்டையில் மாரிராஜுக்குச் சின்ன ஒர்க்‌ஷாப். உள்ளே நிற்கிற சிவப்புக் கார், சுந்தர்ராமன் சாரின் அப்பா வாலிபத்தில் பந்தயம் ஓட்டியது. மேலே கூரை கிடையாது, ஓர் ஆள்தான் உட்காரலாம். துருப்பிடித்துக் கிடந்ததை மாரிராஜ்தான் பாடுபட்டு ஓட வைத்திருந்தான். வருகிற ஞாயிறு பாளை மைதானத்தில் பழைய கார் கண்காட்சி. வருகிற ஒவ்வொரு காரிலும் ஒரு பேர் எழுதியிருக்க வேண்டுமாம். இதற்குத்தான் இன்னும் பேர் வைக்கவில்லை.

மாரிராஜ் வீட்டுக்கு வந்ததும் கலைச்செல்வி ஆரம்பித்தாள்.

"ஏங்க, பிள்ள பேர மாத்திருவோம். 'சுடுகாடு வருது, சுடுகாடு வருது'ன்னு பயலுவ வெரட்டுதானுவளாம். இந்த வாரம் பூரா பள்ளிக்கூடம் போவல. அடிச்சும் பாத்துட்டேன், மாட்டேங்கா."

"எங்கம்மா பேருளா அது."

"அவுக இருந்தா அவுகளே மாத்தச் சொல்லியிருப்பாவ. படிப்பு போச்சுன்னா என்ன செய்ய? என்னைய மாதிரி பாதியில நிக்கணுமா?"

மாரிராஜ் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான். கடைசியில், "சரி. திங்கக்கிழமை டீச்சர்ட்ட பேசு. நித்யான்னே வச்சிரு" என்றான்.

சனிக்கிழமை வேலை முடிந்து வந்தவன், "காருல பேரு எழுதியாச்சு" என்றான்.

"என்ன பேரு?"

"சுடலைவடிவு."

"என்னது?"

"சார் வீட்டம்மாதான் பெயிண்டரக் கூட்டிட்டு வந்தாவ. பக்கத்துலயே நின்னு எழுத வச்சிட்டுப் போனாவ."

கலைச்செல்விக்குக் கண் கலங்கிவிட்டது. "எம் பிள்ள பேர வச்சுக் கேலியா பண்ணுதாவ? நீங்களும் பாத்துக்கிட்டு நின்னியளாக்கும்!"

"கேலி மாதிரி தெரியலளா."

"பின்ன? நாளைக்குப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக எல்லாம் அங்கனதான் வரும். ஊரே சிரிக்கும். நாளைக்கு நானே வந்து அழிக்கச் சொல்லுதேன்."

நாலு பேர் நிற்கிற இடத்தில் வாயே திறக்காதவள். ஞாயிற்றுக்கிழமை பிள்ளை கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனாள்.

எத்தனையோ கார் நின்றது. ஆனால் கூட்டம் சிவப்புக் காரைச் சுற்றித்தான். காரின் மூக்கில் மஞ்சள் எழுத்து பளபளத்தது. கலைச்செல்வி கூட்டத்தை விலக்கி முன்னால் வந்தபோது, மைக் பிடித்திருந்தவர் ப்ரீத்தியிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ரேஸ் காருக்கு எப்படி மேடம் இப்படி ஒரு பேரு வந்துச்சு?"

ப்ரீத்தி மைக்கை வாங்கினார்.

"எங்க மாமனார் ஓட்டின காலத்துல இந்தக் கார யாராலயும் முந்த முடியாது. வேகமாப் போறதுக்குத் தைரியம் வேணும்ல? அதான் நம்ம ஊர்க் காவல் தெய்வத்துப் பேராப் பாத்து வச்சாரு. பயமே இல்லாதவங்களுக்குத்தான் இந்தப் பேரு."

கலைச்செல்வி அப்படியே நின்றுவிட்டாள். பெயிண்ட் வாசம்கூட இன்னும் போகவில்லை. மாமனாராவது வைத்ததாவது!

"ஏலே, அந்தா நம்ம கிளாஸ் சுடலைவடிவு!" என்று ஒரு பையன் கத்தினான்.

"ஏட்டி, ஒன் பேரா காருக்கு வச்சிருக்காவ?"

ப்ரீத்தி பிள்ளையைத் தூக்கி சீட்டில் உட்கார வைத்தார். "இந்தப் பேரு உள்ளவங்கதான் இதுல உக்காரலாம்."

"மேடம், எம் பேரு சுடலைமணி! பாதிப் பேரு சரியாத்தான இருக்கு? நானும் ஏறட்டா?"

"ஓனர்ட்ட கேளுப்பா" என்று பிள்ளையைக் காட்டினார் ப்ரீத்தி.

பிள்ளை ஸ்டியரிங்கைப் பிடித்தபடி யோசித்தது. "அவன் என்னைய சுடுகாடுன்னு சொன்னான்."

"இனிமே சொல்ல மாட்டேன், சுடலைவடிவு! சத்தியமா!"

சுற்றி நின்ற பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள். பிள்ளையும் சிரித்தது. அப்புறம் அம்மாவைப் பார்த்துக் கத்தியது.

"எம்மா, நாளைக்கு நா பள்ளிக்கூடம் போவேன்! டீச்சர்ட்ட பேர மாத்தச் சொல்லாத, என்ன?"

கலைச்செல்வி மெல்ல ப்ரீத்தி பக்கத்தில் போய் நின்றாள்.

"தப்பா நெனச்சிட்டேம்மா. அன்னைக்கு நீங்க பேரக் கேட்டுட்டு மூஞ்சியத் திருப்பிட்டுப் போன மாதிரி இருந்துச்சு..."

ப்ரீத்தி காரில் இருந்த பிள்ளையிடமிருந்து பார்வையை எடுக்கவில்லை.

"எனக்கு வச்ச பேரு ஆவுடையம்மாள். அப்பாவப் பெத்த பாட்டி பேரு. பிள்ளைங்க சிரிச்சாங்கன்னு அழுது அடம்பிடிச்சு மாத்திக்கிட்டதுதான் ப்ரீத்தி. எனக்கு யாரும் ஒரு கார் கொண்டாந்து நிறுத்தலம்மா."