அவருக்கு ஏற்ற கோல்

அவள் கையில் எடுத்த முதல் பில்லியர்ட்ஸ் கோலே கனமாக இருந்தது. அடி பருத்து, கறுப்பாகப் பளபளத்தது. அவளுக்குப் பிடித்திருந்தது.

ஷெரின் அதை மெதுவாக வாங்கித் திரும்ப வைத்தாள்.

"இது உலக்கை, அக்கா."

கடைக்காரர் பாய் சிரித்தார். அவளிடம் கேட்டார்.

"அவரு எப்படிம்மா ஆடுவாரு? ஓங்கி அடிக்கிறவரா, மெதுவாத் தள்ளுறவரா?"

அவளுக்குத் தெரியவில்லை.

கணவரின் சட்டை அளவு தெரியும். செருப்பு அளவு தெரியும். காய்ச்சல் மாத்திரையை உடைத்துத்தான் விழுங்குவார் என்பது தெரியும். பில்லியர்ட்ஸ் மேசைக்கு முன்னால் அவர் எப்படி இருப்பார் என்பது தெரியாது. கிளப்புக்கு அவள் போனதில்லை.

அதனால்தான் ஷெரினை அழைத்து வந்திருந்தாள். கிளப்பில் அவருக்கு ஜோடியாக ஆடுகிறவள். பிறந்தநாள் பரிசு, அவருக்குத் தெரியக் கூடாது என்று சொல்லியிருந்தாள்.

"தள்ளுவான்," என்றாள் ஷெரின். "மாறன் ஓங்கி அடிச்சு நான் பாத்ததே இல்ல."

மாறன்.

வீட்டில் அவருக்கு அவ்வளவு சின்னப் பெயர் கிடையாது.

ஷெரின் சொல்லிக்கொண்டே போனாள். பிடி தளர்வாக இருக்கும். மூன்று விரல்தான் கோலைத் தொடும். பந்தைச் சுழலவிட்டுத் திருப்பிக் கொண்டுவருவதில்தான் ஆசை. அதனால் எடை குறைவாக வேண்டும். முனை மெலிந்திருக்க வேண்டும். முனையில் ஒட்டிய தோல் மிருதுவாக இருக்க வேண்டும்.

பாய் தலையாட்டினார். அடுத்த கேள்வியை ஷெரினிடமே கேட்டார்.

"உங்க வீட்டுக்காரர் என்ன உயரம்?"

ஷெரின் சிரித்துவிட்டாள். அக்காவின் வீட்டுக்காரர் என்றாள்.

"அஞ்சடி ஒம்போது," என்றாள் அவள். கொஞ்சம் சத்தமாக.

ஆனால் ரொம்பக் குனிவான் என்றாள் ஷெரின்.

ஒரு கோலை எடுத்துக் குனிந்தும் காட்டினாள்.

இடது கை மேசையில் ஊன்றியது. முகவாய் கோலைத் தொட்டது. வலது தோள் சற்றே ஏறியது.

அது அவருடைய தோள்.

கடைக்குள் அவர் வந்து நின்றதுபோல் இருந்தது. வேறொருத்தியின் உடம்பில்.

ஷெரின் மூச்சை நிறுத்தினாள். நாக்கு நுனி உதட்டோரம் எட்டிப் பார்த்தது.

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அந்த நாக்கு நுனி.

தூங்கும் குழந்தையை அவள் மடியிலிருந்து அவர் எடுத்துத் தொட்டிலில் கிடத்தும்போது வரும். மூச்சும் அப்படித்தான் நிற்கும். அங்கே மட்டும்தான் என்று நினைத்திருந்தாள்.

பாய் மெலிந்த கோல் ஒன்றைக் கண்ணாடிப் பரப்பில் உருட்டினார். துள்ளாமல் உருண்டது. ஷெரின் அதை ஒற்றை விரல்மேல் நிறுத்திப் பார்த்தாள். இதுதான் என்றாள். வண்டியை எடுத்து வருவதாகச் சொல்லி வெளியே போனாள்.

பாய் கோலை இரண்டாகத் திருகிக் கழற்றினார். பெட்டியைத் திறந்தார்.

அவள் கறுப்புக் கோலைக் காட்டினாள்.

"அது ஓங்கி அடிக்கிறவங்களுக்கும்மா. தள்ளுற கைக்கு ஆகாது."

"தெரியும் பாய்."

அவர் அவளை ஒரு கணம் பார்த்தார். மெலிந்த கோலை மறுபடி பூட்டி அலமாரியில் வைத்தார்.

வெளியே பெரியமேட்டு வெயில். வண்டியில் அவள் ஏறி உட்காருவதற்காக, ஷெரின் கை நீட்டிப் பெட்டியை வாங்கிக்கொண்டாள்.

வாங்கிய கை தாழ்ந்தது.

ஷெரின் பெட்டியைப் பார்த்தாள். இன்னொரு முறை ஏந்திப் பார்த்தாள்.

பின்னால் நீட்டினாள்.

அவள் பெட்டியை இருவருக்கும் நடுவில் நிறுத்திப் பிடித்துக்கொண்டாள்.

சிக்னலில் வண்டி நின்றது. ஷெரின் திரும்பவில்லை.

"பழகிடுவான்க்கா," என்றாள்.